மனு எழுதும் முன் கன்சென்ட் ஆர்டரைப் படியுங்கள்

சாயத் தண்ணீர், குவாரித் தூசி, ஆலைப் புகை என்று வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "மேற்படி ஆலையால் பொதுமக்களாகிய நாங்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகிறோம்." இதற்குப் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: "தங்கள் மனு தொடர்பாகக் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வின்போது மாசு ஏதும் கண்டறியப்படவில்லை." அத்தோடு மனு முடித்துவைக்கப்படும்.

கொங்குப் பக்கத்தில் ஒரு மாவட்டத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவதுதான் முக்கிய வேலை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்கள், "அண்ணா, கலெக்டர் படிச்சா மனசு எளகற மாதிரி எழுதிக் குடுங்க" என்பார்கள். அப்படி எழுதவும் எனக்குத் தெரியும். ஆனால் மனுவைக் கலெக்டர் முழுக்கப் படிப்பதில்லை. அது துறைக்குப் போகும், அங்கே ஒரு உதவிப் பொறியாளர் மேசைக்குப் போகும். அவருக்குத் தேவை, எந்த ஆணையில் எந்த நிபந்தனை எந்தத் தேதியில் மீறப்பட்டது என்பது. அதைக் கொடுத்தால் அவரால் "மாசு ஏதும் இல்லை" என்று ஒரு வரியில் முடிக்க முடியாது. அந்த நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா இல்லையா என்று எழுதியே ஆக வேண்டும்.

ஆலைக்கு மாசுக் கட்டுப்பாடு வாரியம் தரும் அனுமதி ஆணைதான் கன்சென்ட் ஆர்டர். அந்த ஆணையை எப்படிக் கையில் வாங்குவது, வாங்கி எப்படிப் படிப்பது, மனுவில் எப்படி எழுதுவது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

யாரிடம் போவது

ஆலை, சாயப்பட்டறை, கிரஷர், அரிசி ஆலைக் கரி எல்லாம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் பொறுப்பு. 1982இல் அமைந்த வாரியம் இது. தலைமையகம் கிண்டியில் இருந்தாலும் நமக்கு வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்தான். கல்குவாரியின் குத்தகை, ஆழம், வெடி பற்றிய புகார் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குப் போக வேண்டும். குப்பை எரிப்பு, சாக்கடை, கடையில் தடைசெய்த பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி. பிளாஸ்டிக் தடை தமிழக அரசு 2018 ஜூனில் ஆணை போட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாய் ரேடியோ என்றால் காவல் நிலையம். ஏரி, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் நீர்வளத் துறை.

ஒரே மனுவில் ஆலைப் புகையையும் தெருவிளக்கையும் சேர்த்து எழுதாதீர்கள். எந்தத் துறைக்கு அனுப்புவது என்று மனுவைப் பிரிக்கிறவருக்கே குழப்பம் வரும். கடைசியில் தெருவிளக்கு எரியும், புகை அப்படியே இருக்கும்.

கன்சென்ட் என்றால் என்ன

அரசாணையில் இசைவாணை என்று இருக்கும். வாய்வழக்கில் எல்லோருக்கும் அது கன்சென்ட்தான். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றம் போட்டவை. ஆனால் அவற்றை ஆலை வாசலில் அமல்படுத்துவது மாநில வாரியம். ஆலை கட்டும் முன் ஒரு இசைவாணை, ஓட்டும் முன் இன்னொன்று. நீருக்குத் தனியாக, காற்றுக்குத் தனியாக. மாசின் அளவைப் பொறுத்து ஆலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகை பிரித்திருக்கிறார்கள். சாயப்பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும் சிவப்பு. வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். ஆகவே முதலில் அந்த ஆலை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாநில அரசின் கொள்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் ஊர் ஆலையைப் பொறுத்தவரை அது இந்த இசைவாணையின் நிபந்தனைகளாகத்தான் இறங்கி வரும். 2018 ஏப்ரல் 9இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தபோது சொன்ன காரணங்களைப் பாருங்கள்: உப்பாற்றை ஒட்டித் தாமிரக் கசடைக் குவித்தது, நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தராதது, அபாயகரக் கழிவுக்கான அனுமதி இல்லாதது. எல்லாமே நிபந்தனை மீறல்கள். அடுத்த மாதம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அரசு ஆலையை மூட ஆணையிட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரி 29இல் நிறுவனத்தின் மனு தள்ளுபடியானது. அங்கேயும் வாதம் கடைசிவரை இந்தக் காரணங்களைச் சுற்றித்தான் நடந்தது.

ஆணையைக் கையில் வாங்குவது

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, உட்பிரிவு 6, வாரியம் இசைவாணை நிபந்தனைகளைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்பட்டவரோ அக்கறை உள்ளவரோ அலுவலக நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம். காற்றுச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஒரு வெள்ளைத் தாளில், "இந்தப் பிரிவின்படி பதிவேட்டைப் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று எழுதி, ஆலையிலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர் என்று குறித்துக் கொண்டுபோங்கள். உடனே காட்டுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சட்டப் பிரிவு தெரிந்து வருகிறவரை உட்காரச் சொல்வார்கள்.

இரண்டாவது வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் ஆகவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பார்கள். அது தகவல் கிடையாது, கேள்வி. கோப்பில் இருப்பதை மட்டும் கேளுங்கள். நான் வழக்கமாக அடிப்பது இது:

"மேற்படி ஆலைக்கு நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் வழங்கப்பட்டு இன்று நடைமுறையில் உள்ள இசைவாணைகளின் நகல், அனைத்து இணைப்புகளுடன். கடந்த இரண்டு ஆண்டுகளில் அலுவலர்கள் செய்த ஆய்வுகளின் அறிக்கைகள். அதே காலத்தில் எடுத்த கழிவுநீர், நிலத்தடி நீர், காற்று மாதிரிகளின் பகுப்பாய்வு அறிக்கைகள். அனுப்பிய விளக்கம் கேட்பு அறிவிப்புகளும் அவற்றுக்கு ஆலை தந்த பதில்களும்."

இவ்வளவு போதும். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும், கட்டிவிடுங்கள். அந்த விளக்கம் கேட்பு அறிவிப்பை மறக்காமல் கேளுங்கள். உங்கள் மனுவுக்கு "மாசு இல்லை" என்று பதில் சொன்ன அதே மாதத்தில், ஆலைக்கு "உங்கள் சுத்திகரிப்பு நிலையம் சரியாக இயங்கவில்லை, விளக்கம் தரவும்" என்று வாரியமே நோட்டீஸ் அனுப்பியிருக்கும். அந்த இரண்டு தாளும் ஒன்றாகப் பின் அடித்துக் கலெக்டர் மேசைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்த ஊருக்கு வந்த ஆய்வு வேறு மாதிரி இருந்தது.

ஆணையைப் படிப்பது

ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவைத்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. அது முடிந்திருந்தால் மனுவின் முதல் வரி கிடைத்துவிட்டது.

அடுத்து, என்ன பொருள், மாதத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்று ஒரு அட்டவணை. பல ஆலைகள் அனுமதி வாங்கியது ஒரு அளவு, ஓட்டுவது இன்னொரு அளவு. ராத்திரி ஷிப்ட், வந்துபோகும் லாரி, புதிதாகப் போட்ட ஷெட் எல்லாம் இதற்குச் சாட்சி.

மூன்றாவது, கழிவுநீர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ லிட்டர், எங்கே போகிறது என்ற அட்டவணை. சாயப்பட்டறை என்றால் இந்த இடத்தில் "வெளியே விடக் கூடாது, முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்" என்று இருக்கும். ஜீரோ டிஸ்சார்ஜ் என்பது இதைத்தான். நொய்யல் நாசமானபின், நீதிமன்ற உத்தரவால் வந்த நிபந்தனை இது. அதை நிறைவேற்றாததற்காக 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆகவே ஜீரோ டிஸ்சார்ஜ் ஆலையின் பின்பக்கம் ஓடையில் ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர் போனாலும் அது மீறல்தான். அங்கே அளவு, செறிவு என்று வாதமே தேவையில்லை. வெளியே விட அனுமதி உள்ள ஆலைக்குத்தான் எண்கள் பொருந்தும்: நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250க்குள், பி.எச். (அமில, காரத் தன்மை) 5.5 முதல் 9 வரை. பகுப்பாய்வு அறிக்கை கைக்கு வந்ததும் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவது, புகைபோக்கியின் உயரமும் அதில் மாட்டியிருக்க வேண்டிய வடிகட்டியும். உயரத்தை வெளியிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். கடைசியில் சிறப்பு நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் வரும். சுற்றிலும் மரம் நட வேண்டும், கிரஷரைச் சுற்றித் தகரம் அடித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும், லாரியைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்ற சாதாரண விஷயங்கள். இவைதான் உங்களுக்குத் தங்கம். இவற்றை நிரூபிக்க ஆய்வகம் வேண்டாம், செல்போன் போதும்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் நீர்நிலையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்று தமிழக அரசு 1989இல் ஓர் ஆணை (எண் 213) போட்டது. 1998இல் வந்த ஆணை எண் 127, காவிரி, அதன் கிளை நதிகள், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கியது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியின் கிளை நதிகள்தான். புதிதாக ஒரு சாயப்பட்டறையோ தோல் ஆலையோ வருவதாகக் கேள்விப்பட்டால் முதல் வேலையாகக் கிராம வரைபடத்தில் தூரத்தை அளந்து இந்த இரண்டு ஆணைகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பிறகு வந்த திருத்தங்களையும் அதே மனுவில் கேட்டு வாங்குங்கள். டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு: 2020இல் சட்டமன்றம் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதுத் திட்டங்களுக்கு அங்கே தடை.

ஆதாரம் சேர்ப்பது

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மணி, என்ன நிறம், என்ன வாசனை, காற்று எந்தப் பக்கம், மழை பெய்ததா. சாயத் தண்ணீர் மழை ராத்திரியில்தான் திறந்துவிடப்படும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வருவார்கள். அதனால் மனுவிலேயே, "இன்ன நேரத்தில் ஆய்வு செய்ய வேண்டும், எங்களையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று கேளுங்கள். இடமும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா ஆப் இருக்கிறது, அதில் எடுங்கள்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொண்டு வருகிறார்கள். நீங்கள் பிடித்தது நீதிமன்றத்தில் செல்லாது. ஆலைக்குத் தெரிவித்து முறைப்படி அலுவலர் எடுத்து, முத்திரையிட்டு அனுப்பும் மாதிரிக்குத்தான் சட்ட மதிப்பு. ஆனாலும் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து வைப்பது நல்லது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. முக்கியமாக, நீரோட்டப்படி ஆலைக்கு மேற்புறக் கிணறு ஒன்று, கீழ்ப்புறக் கிணறு ஒன்று என்று இரண்டையும் ஒரே நாளில் சோதியுங்கள். கீழ்ப்புறத்தை மட்டும் சோதித்தால், "இந்தப் பகுதி மண்ணே உப்பு மண்" என்று சொல்லிவிடுவார்கள்.

உடம்புக்கு வரும் தொல்லையையும் தாளில் ஏற்றுங்கள். அரிப்பு, மூச்சுத்திணறல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரே தெருவில் பத்துப் பேர் சீட்டைச் சேர்த்து மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுமக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றச் சொல்லும் அதிகாரம் அதில் சுகாதார அலுவலருக்கு உண்டு. மாசு வாரியத்தையே சுற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. இதே மாதிரி வருவாய்க் கோட்டாட்சியருக்கும் பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152.

இனி மனு

"எங்கள் ஓடை விஷமாகிவிட்டது" என்பதற்குப் பதில் இப்படி அடிப்பேன்:

"மேற்படி ஆலைக்கு இன்ன தேதியில் வழங்கிய இசைவாணையின் சிறப்பு நிபந்தனை 7இன்படி கழிவுநீரை வெளியேற்றக் கூடாது. இன்ன தேதி இரவு 1.20 மணிக்கு ஆலையின் வடக்குச் சுவரை ஒட்டிய குழாய் வழியாகச் சிவப்பு நிறக் கழிவுநீர் ஓடையில் விடப்பட்டது. புகைப்படங்கள் 1 முதல் 4 வரை இணைக்கப்பட்டுள்ளன. நிபந்தனை 7 நிறைவேற்றப்பட்டுள்ளதா என்று ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒரு பக்கம்தான். கண்ணீர் வேண்டாம், முதலாளியின் சாதியோ கட்சியோ வேண்டாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அசல், கலெக்டருக்கும் வாரியத் தலைவருக்கும் நகல். குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் நகராதீர்கள். கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பின்னால் வழக்கு என்று வந்தால் ஊரே சொன்னது என்பதற்கு அது அத்தாட்சி.

பதிலே இல்லையென்றால் 60 நாள் நோட்டீஸ். நீர்ச் சட்டம் 49, காற்றுச் சட்டம் 43 ஆகிய பிரிவுகளின்படி, வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அப்படிப் போகிறவர் கேட்டால் தன்னிடமுள்ள அறிக்கைகளை வாரியம் தர வேண்டும். நோட்டீஸ் போனதுமே கோப்பு நகரத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வழக்கு வரை போகிறவர்கள் குறைவு.

அதற்கும் மேல், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீட்டுக்கு மட்டும் ஐந்து ஆண்டு. கலெக்டர் ஆபீசுக்கும் வாரியத்துக்கும் நடந்தே ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. முதல் மனுவைக் கொடுத்த அன்றே காலண்டரில் ஆறாவது மாதத்தை வட்டம் போட்டுவிடுங்கள்.

ஆலை வரும் முன்பே

பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், தமிழில் திட்டச் சுருக்கம் வேண்டும். கூட்டத்தைக் கலெக்டரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத வருவாய் அதிகாரியோ நடத்த வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை. அதனால் புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நம்பி வெளியே உட்காராதீர்கள். நாலு பேர் வந்தாலும் நடந்ததாகவே எழுதப்படும்.

உள்ளே போய் மைக்கைப் பிடித்து "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரி. "நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் இந்தப் பக்கத்தில் சுற்றிலும் நீர்நிலை இல்லை என்று இருக்கிறது, எங்கள் குளம் 400 மீட்டரில் இருக்கிறது, சர்வே எண் இது" என்று சொன்னால் அதற்கு நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். கூட்டம் முடிவில் குறிப்புகளைத் தமிழில் வாசிக்க வேண்டும். வாசிக்கும்வரை கிளம்பாதீர்கள். சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், நிபந்தனைகளை நிறைவேற்றியதாக நிறுவனம் அறிக்கை தர வேண்டும். அதை வாங்கி ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பசுமை வளையம் அமைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும் இடத்தில் வேலிக்கருவை நிற்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மனு பலித்து, நீர்ச் சட்டம் 33ஏ-யின் கீழ் ஆலையை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவு வந்தால், ஊரில் பட்டாசு வெடித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். சில வாரத்தில் ஆலை மறுபடி ஓடும். உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து வாரியம் இன்னொரு ஆணை போட்டிருக்கும். அந்த ஆணையின் நகலையும் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். எதையெதை எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், அடுத்த மனுவை அந்தத் தேதிகளை வைத்து எழுதலாம்.